சேமஅச்சு

உப்பு வணிகராகிய உமணர் நெடுவழி செல்லுங்கால், வண்டியின் அடியில் மற்றுமோர் அச்சினைக் கட்டிச் செல்வர் என்ற செய்தியைப் புறநானூற்றின் 102 ஆம் பாடல் தருகின்றது. அதற்குச் சேமஅச்சு என்று பெயர். பள்ளத்தில் இறங்குமிடத்தும் மேட்டில் ஏறுமிடத்தும் வண்டிக்கு என்ன நேருமென்பதை எவரும் முன்னறியார் என்பது உமணர் கருத்து. ஒளவையார் அவ்வச்சினைப் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார். தலைவன் ஒருவனைப் பாட வந்த இடத்தில், வண்டிக்காரரின் சிறு முன்னெச்சரிக்கையொன்று ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு நிலைபெற்றுவிட்டது.

வண்டிகள் மாறினும் நெடுவழிச் செலவின் இயல்பு மாறவில்லை. 2025 ஆம் ஆண்டில், யாழ்ப்பாணம் கோண்டாவிலில், இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் மூன்று வாரங்களாக நடைபெற்ற ஆயத்தமொன்று இதனை நன்கு விளக்கும். அவருடைய இளைய மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் இடம் கிடைத்திருந்தது. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ 9 வீதியின் நீளம் 321 கிலோ மீற்றர்; இரு முனையிலும் உள்ள சில்லறைத் தூரத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 330. இத்தூரத்தைத் தமது மின்காரிற் கடப்பதென ஆசிரியர் முடிவு செய்தார். அக்காரோ, ஒரு தடவை முழுமையாக மின்னேற்றினால் 110 கிலோ மீற்றருக்கு மேல் ஓடாது.

உறவினர் எவரும் இம்முடிவை ஏற்கவில்லை. “வானொன்று பிடிச்சால் இரவு வெளிக்கிட்டு விடியக் கண்டியில நிற்கலாம், மாமா. இதைக் கொண்டுபோய் நடுக்காட்டில நின்றால் என்ன செய்யிறது?” என்றான் மருமகன். வான் வாடகை, ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்குச் சிறிய தொகையன்று. ஆயின் அது மட்டுமே காரணமன்று. ஆசிரியரின் இளமைக் காலத்தில், 1990 இற்குப் பின் பல்லாண்டுகள் அவ்வீதி பொதுமக்களுக்கு மூடியிருந்தது. 2002 இல் அது திறந்தபோது, முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி ஏறிப் பேருந்திற் சென்று வந்தார். 2006 ஆகஸ்டில் அது மீண்டும் மூடிற்று. 2009 இற்குப் பின்னர் வழி திறந்தும், தம் கையால் அவ்வீதியை முழுமையாக ஓட்டிக் கடக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. மகளின் முதற் பயணத்தில் அதனைச் செய்துவிட வேண்டுமென்ற ஆவல் அவருள் இருந்தது. இதனை அவர் எவரிடமும் சொல்லவில்லை. மனைவி மட்டும் அறிந்திருந்தார்.

கார் வந்த கதையும் கூறற்பாலது. 2010 இன் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப், பழைய காராக இலங்கைக்குப் பெருமளவில் இறக்குமதியாயிற்று. 2022 இல், பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், ஆசிரியர் அவற்றுள் ஒன்றை வாங்கினார். அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது என்பதும் உண்மையே. “எண்ணெய் இல்லாட்டி இல்லைதான்; கறண்ட் எப்பிடியும் ஒருக்கால் வரும்” என்பது அவருடைய வாதம். ஊருக்குள் ஓடுவதற்கு அக்கார் மூன்றாண்டுகளாகக் குறைவின்றி உதவியது. நெடுந்தூரம் என்றபோதே அதன் முதுமை ஒரு பொருளாயிற்று.

அவ்வகைக் காரின் முகப்பில், பற்றரியின் எஞ்சிய கொள்ளளவைக் காட்டுவதற்குப் பன்னிரண்டு கோடுகள் உள. முதற் கோடு மறையும்போது ஏறத்தாழ 15 வீதமும், அதன்பின் மறையும் ஒவ்வொரு கோட்டுக்கும் ஆறு வீதத்துக்குச் சற்று மேலும் குறைந்துவிட்டன என்று கொள்வர். ஆசிரியரின் காரில் எட்டுக் கோடுகளே எஞ்சியிருந்தன. புதியதாக இருந்தபோது 24 கிலோவாற்று மணி எனக் குறிக்கப்பட்ட பற்றரியில், இப்போது பயன்கொள்ளக்கூடியது ஏறத்தாழ 14. மின்பட்டியலில் நாம் அலகு என்று வழங்குவதும் இதனையே. ஆக, பதினான்கு அலகு மின்சாரத்தைக் கொண்டு இந்நாட்டின் வடமுனையினின்று மலைநாடுவரை செல்ல வேண்டும்.

முதல் வாரம் அளத்தலிற் கழிந்தது. சிறிய கருவியொன்றைக் காரிற் பொருத்தி, பற்றரியின் உள்நிலையைக் கைப்பேசியிற் பார்த்தார். லீஃபின் பற்றரி, இவ்விரு கலங்களாகச் சேர்ந்த தொண்ணூற்றாறு இணைகள் தொடராக அமைந்தது. அவற்றுள் மிக நலிந்த ஓரிணை தன் எல்லையைத் தொடுமாயின், ஏனைய தொண்ணூற்றைந்திலும் மின் எஞ்சியிருப்பினும் கார் நின்றுவிடும். மெலிந்த மாணவனின் வேகமே வகுப்பின் வேகம் என்று நாற்பதாண்டு கற்பித்த அவருக்கு இதனை விளங்கிக்கொள்வதிற் சிரமம் இருக்கவில்லை. இணைகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லையெனக் கண்டபின்னரே பயணம் உறுதியாயிற்று.

அடுத்து ஒரு வெள்ளோட்டம். பளைவரை மணிக்கு 50 கிலோ மீற்றர் வேகத்திற் சென்று திரும்பியதில், 80 கிலோ மீற்றருக்குப் பத்து அலகு செலவாயிற்று. நூறு கிலோ மீற்றருக்குப் பன்னிரண்டரை அலகு என அவர் எழுதிக்கொண்டார். அப்பால் ஆனையிறவு வெளியிற் சோழகக் காற்றுக்கு மறைப்பில்லை. ஆகவே அப்பகுதிக்குப் பத்திலொன்று கூட்டினார். இருபது வீதத்தைத் தொடாத கையிருப்பாக வைத்தால், ஒரு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 90 கிலோ மீற்றரே நம்பத்தக்க தூரம். விற்பவர் சொல்லும் தூரம் ஒன்று, கார் ஓடும் தூரம் ஒன்று, நம்பிப் புறப்படும் தூரம் ஒன்று. இம்மூன்றையும் வேறுபிரித்தறிதலே ஆயத்தத்தின் முதற் பாடம் எனலாம்.

இரண்டாம் வாரத்திற் சுமைபற்றிய வழக்கு எழுந்தது. மகள் கொண்டுசெல்ல விரும்பிய புத்தகப் பெட்டி 40 கிலோ. தாயார் தனியே மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டி, பருத்தித்துறை வடை என்று மற்றொரு பெட்டி கட்டியிருந்தார். “உவ்வளவும் ஏத்தினால் கார் இழுக்குமோ, அப்பா?” என்று மகள் தயங்கினாள். ஆசிரியர் கரும்பலகை இல்லாத குறையைப் பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் தீர்த்துக்கொண்டார். மூவரையும் பொருட்களையும் சேர்த்துக் கார் 1,800 கிலோ. நூறு மீற்றர் உயரம் ஏறுவதற்கு ஏறத்தாழ அரை அலகு செலவாகும். தம்புள்ளையினின்று கண்டிவரை வழி 300 மீற்றருக்கு மேல் உயர்வதால் ஒன்றரை அலகுக்குக் குறையாமல் வேண்டும். ஆனால், அதிற் புத்தகப் பெட்டியின் பங்கு மிகச் சிறிது. உருளும்போது உண்டாகும் உராய்வையும் சேர்த்துப் பார்த்தால், அப்பகுதி முழுவதற்கும் ஏறத்தாழ ஒரு கிலோ மீற்றர் ஓட்டத்துக்கான மின்னே அப்பெட்டி கேட்கும் கூலி. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. ஐம்பதில் ஓடுவதை எழுபதாக்கினால் அவ்வெதிர்ப்பு ஏறத்தாழ இருமடங்காகும். “பாரம் பிரச்சினையில்லை, பிள்ளை. அவசரந்தான் பிரச்சினை” என்று அவர் தீர்ப்பளித்தார். இரு பெட்டிகளும் ஏறின. தாயார் மூன்றாவது பெட்டியொன்றையும் கட்டத் தொடங்கினார்.

ஏனைய வேலைகள் எந்தக் காருக்கும் உரியன. ரயர்களின் காற்று 36 இறாத்தலுக்குச் சரிசெய்யப்பட்டது. சக்கரங்களின் நேர்மை பார்க்கப்பட்டது. மோட்டரைக் குளிர்விக்கும் நீர் நிரப்பப்பட்டது. அவ்வகைக் காரில் மோட்டருக்கு நீர்க் குளிர்ச்சி உண்டு, பற்றரிக்கு இல்லை. எனவே வேக மின்னேற்றத்தை அடுத்தடுத்துச் செய்தாற் பற்றரி கொதிக்கும். வெயிலுக்கு முன் ஓடி, வெயிலில் ஓய்வதென முடிவாயிற்று. முன்மூடியின் கீழுள்ள சிறிய 12 வோல்ற்றுப் பற்றரியும் புதிதாக மாற்றப்பட்டது. பெரிய பற்றரி நிறைந்திருப்பினும் இச்சிறியது செத்துவிட்டாற் கார் விழிக்காது என்பது பலர் அறியாத செய்தி. மின்னேற்றும் வடத்தோடு, தடித்த செப்புக் கம்பியாலான நீட்டிப்பு வடமொன்றும் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதனைச் சுருளாக வைத்துப் பயன்படுத்தினாற் சூடேறித் தீப்பற்றவும் கூடும். முழுவதையும் விரித்தே போட வேண்டும். புவித்தொடுப்பு இல்லாத செருகியிலிருந்து கார் மின்னை ஏற்காது என்பதால், தங்கப்போகும் வீடுகளின் புவித்தொடுப்புப் பற்றியும் தொலைபேசியில் விசாரித்தார். சுகம் விசாரிப்பதற்கு முன் எர்த் விசாரிக்கிறார் என்று மனைவி நகைத்தார்.

இத்துணை ஆயத்தத்துக்குப் பின்னும் ஒரு குறை எஞ்சியது. பெற்றோற் காருக்கு ஒரு கலன் எண்ணெயை மேலதிகமாக எடுத்துச் செல்லலாம். மாட்டுவண்டிக்கு ஒரு கட்டு வைக்கோல். மின்காரில் மின்சாரத்தைப் போத்தலில் அடைத்துக் கொண்டுபோக இயலாது. சேமஅச்சு கட்டுவதற்கு அவ்வண்டியின் அடியில் இடமே இல்லை.

போத்தல் என்ற சொல் அவரை வேறோர் இரவுக்குக் கொண்டுசென்றது. பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அத்துளிகளுக்காக ஒரு சிறு மருந்துப் போத்தல் ஒவ்வொரு காரிலும் இருந்தது. ஆசிரியரின் தந்தையாரிடம் ஓர் ஒஸ்ரின் ஏ 40 கார் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, நோயாளியான தாயாரை அக்காரின் பின்னிருக்கையிற் கிடத்தி அவர் ஓட்டிச் சென்றார். மனிதர் நெருக்கத்திற் கார் அடியடியாக நகர்ந்தது. இயந்திரத்தை நிறுத்தினால் மீளக் கிளப்பப் பெற்றோல் இல்லை; நிறுத்தாமல் விட்டதில் மண்ணெண்ணெய் தீர்ந்தது. மழையில் நின்ற காரின் அருகே, சைக்கிளை உருட்டி வந்த முன்பின் அறியாத ஒருவர் நின்றார். தம் விளக்குக்காகக் கட்டி வைத்திருந்த அரைப் போத்தல் மண்ணெண்ணெயை அவர் தாங்கியில் ஊற்றினார். தம்மிடமிருந்த சிறு போத்தற் பெற்றோலிலும் சில துளி விட்டார். பெயரைக் கேட்பதற்குள் சனத்தோடு சனமாகப் போய்விட்டார். தாயார் கைதடியைத் தாண்டி ஓர் உறவினர் வீட்டில் விடியலைக் கண்டார்.

மூன்றாம் வாரத்தில் ஆசிரியர் கருவிகளை மூடிவைத்துத் தொலைபேசியை எடுத்தார். நாட்காட்டியின் மறுபக்கத்தில் ஒரு நிரல் உருவாயிற்று. யாழ்ப்பாணத்தினின்று ஏறத்தாழ 67 கிலோ மீற்றரிற் கிளிநொச்சி. அங்கு மனைவியின் ஒன்றுவிட்ட தமையன் வீடு. அப்பால் 76 கிலோ மீற்றரில் வவுனியா. அங்கு மின்னிணைப்பு வேலை செய்யும் பழைய மாணவன் ஒருவன். இரவு அவன் வீட்டில். தம்புள்ளையில் வேக மின்னேற்றும் நிலையமொன்று இயங்குவதையும், அதில் லீஃபுக்குரிய சாடெமோ இணைப்பு உள்ளதையும் உறுதிசெய்தார். புதிய நிலையங்கள் எல்லாவற்றிலும் அவ்விணைப்பு இருப்பதில்லை. நிரலைப் பார்த்த மகள், “இது சிறுபாணாற்றுப்படை மாதிரியெல்லோ இருக்கு, அப்பா” என்றாள். எயிற்பட்டினத்தில் இன்னார், வேலூரில் இன்னார், ஆமூரில் இன்னார் என்று பாணனுக்கு உணவளிப்போரை வழிநெடுகக் காட்டிச் செல்லும் நூல் அது. உணவின் இடத்தில் மின்சாரம் வந்ததேயன்றி, வழிப்படுத்தும் முறையில் வேறுபாடு இல்லை.

ஆயின் நிரலில் ஓரிடம் வெறுமையாக இருந்தது. வவுனியாவினின்று தம்புள்ளை ஏறத்தாழ 105 கிலோ மீற்றர். கணக்கின்படி கார் அதனைக் கடக்கும், கையிருப்பின்றிக் கடக்கும். இடையே மதவாச்சியிலோ மிகிந்தலையிலோ இரண்டு மணி நேரம் செருகிக்கொள்ள ஒரு வீடு வேண்டும். அவ்விடங்களில் ஆசிரியருக்கு எவரையும் தெரியாது. அறுபது வயதில், வவுனியாவுக்குத் தெற்கே கதவைத் தட்டக்கூடிய ஒரு வீடும் தமக்கில்லை என்பதை அவர் அன்று முதன்முதலாக எண்ணிப் பார்த்தார். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற நாட்களின்பின், அப்பக்கத்து மனிதர் எவரிடமும் எதனையும் கேட்பதில்லை என்று மனத்துள் ஒரு விரதம் இருந்தது. அது விரதம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

வவுனியா மாணவனே வழி சொன்னான். “என்னோட முந்தி வேலை செய்த ஒருத்தர் மிகிந்தலையில இருக்கிறார், சேர். சிங்கள ஆள். நல்ல மனுசன். நீங்களே ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ.” இலக்கம் இரண்டு நாட்கள் நாட்காட்டியில் எழுதியபடியே கிடந்தது. மூன்றாம் நாள் மகள் அதனை அழுத்தி, பாடசாலையிற் படித்த சிங்களத்தில் தட்டுத்தடுமாறிப் பேசத் தொடங்கினாள். மறுமுனை அரைகுறைத் தமிழில் விடையளித்தது. எத்தனை அம்பியர் வேண்டும் என்பதே அவருடைய முதற் கேள்வி. இரண்டாவது, எத்தனை பேர் வருகிறீர்கள். சோறு சமைக்க வேண்டுமல்லவா என்பது. ஆசிரியர் தொலைபேசியை வாங்கி நன்றி கூற முயன்றார். எந்த மொழியிற் கூறுவதென்று தெரியாமற் சற்றுநேரம் பேசாதிருந்தார்.

பயணம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நன்கு ஆயத்தம் செய்த பயணத்துக்குக் கதை இராது. விடியற்காலையிற் புறப்பட்டனர். கிளிநொச்சியில் நண்பகல்வரை கார் செருகியபடி கிடந்தது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கினர். வவுனியாவில் மாணவன், “என்ன சேர், கறண்டுக்குக் காசோ?” என்று பணத்தைத் திருப்பிக் கையில் வைத்தான். மறுநாள் மிகிந்தலை வீட்டின் தென்னை நிழலில் இரண்டு மணி நேரம் மின்னேறிற்று. வீட்டுக்காரர் புவித்தொடுப்பை முதல்நாளே புதுப்பித்து வைத்திருந்தார். பருத்தித்துறை வடைப் பொதியொன்று அங்கே இறங்கிற்று. தாயார் கட்டிய மூன்றாவது பெட்டியின் பயன் அப்போது விளங்கிற்று. தம்புள்ளையில் நிறைத்துக்கொண்டு, நாலந்தா, மாத்தளை வழியாக ஏறினர். அக்குறணையில் வாகன நெரிசல். ஆசிரியர் முதலிற் பதற்றமுற்றார். பின்னர், மின்கார் நிற்கும்போது மோட்டர் மின்னை உண்பதில்லை என்பதை நினைந்து ஆறுதலடைந்தார். 1995 இரவில் நின்றே தீர்ந்துபோன மண்ணெண்ணெயை அவர் எண்ணியிருத்தல் கூடும். பேராதனையில் மகாவலிப் பாலத்தை அணுகும்போது பற்றரியிற் பதினேழு வீதம் எஞ்சியிருந்தது. கணக்கிற் பதினாறு என்று இருந்தது. அந்த ஒரு வீத வேறுபாட்டை அவர் மகளிடம் இருமுறை சொன்னார். பிரிவுநேரத்துக்குரிய வேறு சொற்கள் அவரிடம் இருக்கவில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டிருந்த வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிற் தனியாருக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. புதிதாக வரும் மின்கார்களுட் சில, கோண்டாவிலினின்று பேராதனைக்கு எங்கும் நில்லாமற் செல்ல வல்லவை. அது முன்னேற்றமே, அதனை வேண்டாவென்பார் இலர். எனினும், நில்லாமற் செல்லும் காருக்கு மிகிந்தலையில் ஒரு வீடு தேவைப்படாது என்பதும் கருதத்தக்கது. உமணர் தம் சேமஅச்சினை வண்டியின் அடியிற் கட்டினர். தனக்கென ஒன்றைச் சுமக்க இயலாத அப்பழைய காரோ, அதனை வழிநெடுக உள்ள மனிதரிடத்து வைத்திருந்தது. கேட்டாலன்றி அது கிடைப்பதில்லை. கேட்பதற்கு ஆசிரியருக்கு மூன்று வாரமும் ஒரு மகளின் உடைந்த சிங்களமும் வேண்டியிருந்தன.

தனியே திரும்பி வந்த மனைவியும் கணவரும் மறுவாரம் ஒரு சிறிய வேலை செய்வித்தனர். வீட்டின் வெளிச்சுவரில், படலையருகே, மழைபடாத மூடியோடு ஒரு செருகி பொருத்தப்பட்டது. புவித்தொடுப்பைப் பார்த்துச் சரிசெய்வதற்கு வவுனியா மாணவனே வந்திருந்தான். யாழ்ப்பாணத்துப் பழைய வீதியோரங்களில் சுமைதாங்கிக் கல்லும் ஆவுரஞ்சிக் கல்லும் நாட்டியோர் தம் பெயரைப் பெரும்பாலும் பொறித்து வைத்ததில்லை. அச்செருகியின்மேலும் எதுவும் எழுதப்படவில்லை. மிகிந்தலைக்காரர் நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கின்றார். அவரிடம் மின்கார் இல்லை. ஆயினும், செருகி வேலை செய்கின்றதா என்று ஆசிரியர் நாள்தோறும் மாலையிற் பார்த்துவருகின்றார்.